நான்காவது யுகுலேலே



சென்ற மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின், சிறுவயதில் எங்கள் மக்தபில் ஓதிய இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய அத்தா கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வேலைக்குச் செல்பவர். ஸலாம் சொல்லி அமர்ந்தவர் சிறிது நேரம் பேசாமலேயே இருந்தார். பிறகு கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து என் முன்னே வைத்தார். தேன் நிற மரம். அதில் புலியின் மேனியில் உள்ளதுபோல் வரிகள். நான்கு நரம்புகள். கிதாரின் குட்டி என்று சொல்லத்தக்க சிறிய கருவி.

“இதன் பெயர் யுகுலேலே, ஹஜ்ரத். என்றைக்காவது ஒருநாள் இதை வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்படி ஆசைப்படுவது தவறா?”

நரம்புக் கருவிகள் குறித்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடை என்ற கருத்தையே கொண்டிருந்தனர் என்பதையும், திருமணம், பெருநாள் போன்ற வேளைகளில் தஃப் அடிக்க இடமளித்தனர் என்பதையும், இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்ற சிலர் இவ்விஷயத்தில் மாறுபட்டனர் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் இவை எல்லாம் வீட்டில் பலமுறை கேட்டவைதாம் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருடைய கேள்வி வேறு. அவரிடம் ஏற்கெனவே மூன்று யுகுலேலேக்கள் இருக்கின்றன. படத்தில் இருந்தது நான்காவது.

அதன் விலையைக் கேட்டேன். ஆயிரம் டாலருக்கு மேல். இறக்குமதி வரியும் சேர்ந்தால் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும் என்றார். பணத்துக்கு இரண்டு வழிகள் யோசித்து வைத்திருந்தார். ஒன்று, வட்டியோடு மாதத் தவணை. மற்றொன்று, தங்கையின் படிப்புக்காக அத்தா கட்டிவரும் சீட்டைத் தள்ளி எடுக்கச் சொல்வது. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. அவர் என்னிடம் வந்த காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

வாசிப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே நீட்டப் போவதில்லை. அதற்கு நம் ஊர் ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, ஒரு பொருளை இன்னும் கையில் தொடாமலேயே அதற்கு அடிமையாகிவிடும் மனத்தைப் பற்றி.

அவர் போன பின் அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வியப்பாக இருந்தது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் சென்றவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கப் போன ஏழைக் குடும்பங்கள். அவர்களுள் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று தச்சர்கள் இருந்தனர். கரும்புத் தோட்டக் கடமை முடிந்த பின் ஹொனலூலு நகரில் மரவேலை செய்து பிழைத்தார்கள். தம் ஊரில் மச்செட்டெ என்று வழங்கிய சிறு நரம்புக் கருவியை அத்தீவில் மட்டும் வளரும் கோவா மரத்தில் செய்தார்கள். அம்மரம் நம் வேல மரத்துக்கு உறவுடையது. தீவு மக்கள் அதில்தான் படகு குடைந்தார்கள். நரம்புகளின்மேல் விரல்கள் தாவும் வேகத்தைப் பார்த்து, தாவும் தெள்ளுப்பூச்சி என்று பொருள்படும் யுகுலேலே என்ற பெயரைத் தீவு மக்கள் வைத்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். கலாகவா மன்னர் அதைத் தம் அரண்மனைக்குள் அழைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் நம் சகோதரிகளை நாள்தோறும் பார்க்கிறவன் நான். நம் முன்னோர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகப் போனதும் அதே காலம்தான். கூலிக்காரர் களைப்பு நீங்க மடியில் வைத்து மீட்டிய எளிய கருவி இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1920-களில் செய்த, வரியோடிய கோவா மரத்தில் பளபளக்கும் சிப்பி ஓடு பதித்த ‘5கே’ என்ற வகை, ஆர்வலர்களுக்கு வாழ்நாள் கனவாம். கிடைத்தால் பல ஆயிரம் டாலர். நம் தம்பி காட்டிய படம் 1916-இல் ஹொனலூலுவில் தொடங்கி இன்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கமாக்கா என்ற பட்டறையினுடையது. அப்பட்டறையைப் பற்றி ஒரு செய்தி என்னை நிறுத்திவைத்தது. காது கேளாத கைவினைஞர்கள் பலரை அவர்கள் வேலைக்கு வைத்திருந்தார்கள். பலகையைத் தட்டி, விரல் நுனியில் எழும் அதிர்வைக் கொண்டே அதன் கனம் சரியா என்று அவர்கள் கணித்தார்கள். ஸுப்ஹானல்லாஹ்! ஒரு வாசலை மூடிய இறைவன் விரல் நுனியில் மற்றொன்றைத் திறந்துவைத்திருக்கிறான்.

ஆகவே நல்ல கருவியை இகழ்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை. மறுவாரம் வந்தபோது தம்பி விளக்கினார்: மலிவான ஒட்டுப்பலகைக் கருவியில் சுருதி நிற்காது, படிகள் சரியாக அமையாது, கற்றுக்கொள்பவன் தன் விரல்தான் தவறு என்று எண்ணி விட்டுவிடுவான். முழு மரத்தில் செய்தது வயதாக ஆகக் குரல் திறக்கும். இதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். மோசமான கருவிக்கும் நல்ல கருவிக்கும் இடையே உள்ள தூரம் காதுக்குத் தெரியும். நல்ல கருவிக்கும் கனவுக் கருவிக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் தெரிகிறது என்பது என் எண்ணம். அவருடைய மூன்றாவது கருவி முழு மரத்தில் செய்ததுதான். “அதில் என்ன குறை?” என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, “குறை ஒன்றும் இல்லை ஹஜ்ரத், அது என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இந்த ஆர்வலர்கள் தங்களுக்குள் இதை ஒரு நோய் என்றே பெயரிட்டு, யுகுலேலே சேர்க்கும் நோய் என்று வேடிக்கை பேசிக்கொள்கிறார்களாம். நோய் என்று தெரிந்தும் சிரிக்கிறார்கள். பொன் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு கிடைத்தவன் இரண்டாவதைத் தேடுவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கிலேயே வாழ்கிறோம். அந்த எடுத்துக்காட்டு நமக்கு விளங்காமல் போக வழியில்லை.

நம் பள்ளத்தாக்கிலேயே வேறொரு கதையும் இருக்கிறது. கம்பத்திலிருந்து உத்தமபாளையம், கோம்பை வழியாகத் தேவாரம் போகும் சாலையில் பண்ணைப்புரம் வரும். இசையமைப்பாளர் இளையராஜா 1943-இல் பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராகச் சென்றவர். வீட்டில் இருந்த ஆர்மோனியம் அண்ணனுடையது. தம்பிகள் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அடி விழும். அண்ணன் வெளியே போகும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். பின்னர் சென்னைக்குப் புறப்பட்டபோது தாய் சின்னத்தாய் வீட்டு வானொலியை விற்று 400 ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பினார் என்பதும் அவர் சொன்னதுதான். 2025 மார்ச் மாதம் லண்டனில் அவருடைய சிம்ஃபொனி அரங்கேறியதை நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் அமர்ந்து பேசினோம். அந்தப் பயணம் தொடங்கிய கருவி அவருக்குச் சொந்தமானதன்று.

இதைச் சொன்னபோது தம்பி உடனே மறுத்தார். “அவர் மேதை ஹஜ்ரத். நான் சாதாரண ஆள். எனக்கு நல்ல கருவியாவது வேண்டாமா?” பதில் சொல்லக் கடினமான கேள்விதான். மேதைகளைக் காட்டிப் பிள்ளைகளைக் குறுக்குவது ஆசிரியர்களாகிய நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். ஆனால் அவர் நாள்தோறும் எவ்வளவு நேரம் வாசிக்கிறார் என்று கேட்டேன். கால் மணி நேரம் என்றார். அடுத்த கருவியைப் பற்றிப் பார்க்கவும் படிக்கவும் செலவாகும் நேரம்? இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

கனவுப் பொருள்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான் 2001-இல் பாரத ரத்னா பெற்றவர். வாரணாசியின் குறுகிய சந்தில் மிக எளிய வாழ்க்கை வாழ்ந்து 2006-இல் மறைந்தார். பெரிய மனிதர்கள் அவருக்கு வெள்ளி ஷெனாய்களைப் பரிசளித்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று பிரதமராக இருந்த நரசிம்ம ராவ் அளித்தது. 2016 டிசம்பரில் அவை களவுபோயின. அடுத்த மாதம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே கைது செய்யப்பட்டதாகவும், வெள்ளி ஷெனாய்கள் 17,000 ரூபாய்க்கு நகைக்கடையில் விற்கப்பட்டு உருக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. ஓர் இசை ஆர்வலர் தம் சொத்தையே கொடுத்து வாங்கத் துணிந்திருப்பார். எடைக்கு எடை வெள்ளியாகப் போயிற்று. அன்று அச்செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பியபோது எனக்கு நானே நல்ல உபதேசம் செய்த திருப்தியோடு நடந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் அந்தத் திருப்தி கழன்று விழுந்தது.

என் அறையில் ஓர் அலமாரி உண்டு. அதில் ஸஹீஹுல் புகாரி மூன்று வெவ்வேறு பதிப்புகளாக இருக்கிறது. ஒன்றைத்தான் பாடம் நடத்தப் பிரிக்கிறேன். இரண்டாவதில் ஒரு பாகத்தின் பக்கங்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டியே உள்ளன. மூன்றாவது, வாங்கி வந்த நெகிழித் தாளைக்கூட இழக்கவில்லை. இது போதாதென்று, உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஆணையிட்டு எகிப்தின் பூலாக் அச்சகத்தில் ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை அச்சான சுல்தானிய்யா பதிப்பின் மூலப் பிரதி ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நகல் பதிப்பு தாராளமாகக் கிடைக்கிறது. எழுத்தும் ஒன்றே, பக்க அமைப்பும் ஒன்றே. எனக்கு அது வேண்டாம். அந்தப் பழைய தாள்தான் வேண்டும். பழைய கிதாபு விற்பவர் ஒருவர் கைபேசிக்கு அதன் படங்களை அனுப்பியிருந்தார். இரவில் விளக்கை அணைத்த பின்னும் அந்தத் தோலட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தபடி படுத்திருப்பேன். தம்பி புலிவரி மரத்தைப் பார்த்ததுபோலவே.

அதற்காகச் சேர்த்துவைத்த பணம் உறையில் இருந்தது. அதே இரண்டு ஆண்டுகளாக என் மனைவி, பழுதான தையல் எந்திரத்தை மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்து அவர் ஈட்டிய தொகை சிறியதுதான். ஆனால் ரமலானில் எங்கள் வீட்டு ஸதகா பெரும்பாலும் அதிலிருந்தே போயிற்று. “இல்முக்காகத்தானே சேர்க்கிறேன்” என்று நான் அவருக்குச் சொன்ன பதிலும், “கலைக்காகத்தானே ஹஜ்ரத்” என்று தம்பி எனக்குச் சொன்ன பதிலும் வேறு வேறு அல்ல. என் பொருள் புனிதமானது என்பதால் என் ஆசையும் புனிதமாகிவிடாது. சொல்லப்போனால் என் நிலைதான் மோசம். அவருடைய ஆசையைக் கண்டிக்க ஊரே இருக்கிறது. என் ஆசையை ஊர் பாராட்டுகிறது.

நம் வீட்டுப் பெற்றோர்களிடம் இதனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. பிள்ளை ஒரு பொருளுக்காக ஏங்கும்போது, “அது கூடாது” என்ற ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறோம். யுகுலேலே போய் கைபேசி வரும். அது போய் இருசக்கர வாகனம் வரும். வட்டித் தவணை மட்டும் அப்படியே இருக்கும். இருப்பதை எவ்வளவு பயன்படுத்தினாய், யாருடைய பங்கிலிருந்து எடுத்து இதை வாங்கப் போகிறாய் என்று உட்கார்ந்து கேட்க நமக்கு நேரமில்லை. கேட்டால் அதே கேள்வி நம் நகைப் பெட்டியையும் நிலப் பத்திரத்தையும் நோக்கித் திரும்பும் என்ற அச்சமும் இருக்கலாம்.

தம்பி சீட்டைத் தள்ளி எடுக்கச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றைப் பக்கத்துத் தெருச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சென்ற வாரம் சொன்னார். கமாக்கா ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை, படத்தை மட்டும் கைபேசி முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன் என்றார். பிறகு, சற்றே தயங்கி, “உங்கள் பூலாக் கிதாபு என்ன ஆயிற்று ஹஜ்ரத்?” என்றார்.

பிரிக்காத தொகுப்பை மத்ரஸா நூலகத்தில் சேர்த்துவிட்டேன். தையல் எந்திரம் தேனியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. இதை எழுதும்போதும் அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிதாபு விற்பவர் நேற்று விலையைக் குறைத்து மறுபடியும் செய்தி அனுப்பியிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை. படங்களையும் அழிக்கவில்லை.