‘நல்ல நூல்’ என்றாற் போதுமா?

“அருமையான நூல், எல்லோரும் அவசியம் படிக்க வேண்டும்.” நூல்களைப் பற்றி நம்மிடையே இன்று மிகுதியாக வழங்கும் வாக்கியம் இதுவே. மிகுதியாக வழங்குவதனாலேயே இது பொருளிழந்து நிற்கின்றது. எல்லோருக்குமாகச் சொல்லப்பட்ட நூலை ஒருவரும் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. ‘எல்லோரும்’ என்ற பெயருடைய மனிதர் எந்த ஊரில் இருக்கின்றார்?

நம் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, நயப்புரை என ஒன்றன்பின் ஒன்றாக உரைகள் நிகழ்கின்றன. வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்கின்றார். பின்னர் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. பெயருக்குரியோர் மேடையேறி உறையைக் கொடுத்துப் புத்தகத்தைப் பெற்று இறங்குகின்றனர். இதனால் நூலாசிரியருக்கு அச்சுச் செலவில் ஒரு பகுதியேனும் திரும்பி வருகின்றது. ஆதலின் இவ்வழக்கத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால், அன்று மேடையில் நூலைப் புகழ்ந்தவர், மறுவாரம் அதனை ஒரு நண்பரிடம் எடுத்துச் சென்று, “இது உமக்கென்றே எழுதியது போலிருக்கிறது, படித்துப் பாரும்” என்று கொடுத்தாரா என்பதே என் வினா.

தமிழ் இலக்கிய வரலாற்றிலே மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய ‘சிபாரிசு’ மேடையில் நிகழ்ந்ததன்று. 1880ஆம் ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை, அவ்வூர்க் கல்லூரியின் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சென்று கண்டார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவராகிய ஐயர், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று நெடிய பட்டியல் ஒன்றைச் சொன்னார். முதலியார் அதில் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அதன் விளைவாகத் தோன்றியதே 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. அதற்குப் பின் வந்தவற்றை நான் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இந்நிகழ்ச்சியைப் பலரும் ஐயரின் பெருமைக்குச் சான்றாகவே எடுத்தாளுகின்றனர். எனக்கு முதலியாரே முதன்மையானவராகத் தோன்றுகின்றார். அவர் நூற்பெயரைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. ஏட்டிலிருந்து எழுதிய பிரதியொன்றை வருவித்துக் கொடுத்தார்; தாமும் உடனிருந்து பாடங்கேட்டார். எதிரே இருப்பவரின் ஆற்றலை அறிந்து, அவரால் இயலக்கூடியதும் அவருக்குச் சற்று மேலானதுமாகிய ஒன்றையே தேர்ந்து கொடுத்தார். பரிந்துரை என்ற சொல்லிலே பரிவு அடங்கியிருக்கின்றது. முதலியாரிடம் இருந்தது அதுவே.

நாமோ பெயர்ப் பட்டியல்களைக் கொடுத்துப் பழகிவிட்டோம். ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் என்று உயர்தர வகுப்பு மாணாக்கர் பிழையின்றி எழுதுவர். அம்மூவருள் ஒருவரது கதையையாவது முழுமையாகப் படித்தவர் கையுயர்த்துக என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். குரும்பசிட்டி ஆசிரியர் கனக. செந்திநாதன் 1964இல் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’ என்ற நூலை வெளியிட்டார். நடமாடும் நூல்நிலையம் என்று பெயர் பெற்றவர் அவர். தாம் தேடிப் படித்து மகிழ்ந்தவற்றைப் பிறரும் தேடிப் படிக்க வேண்டுமென்ற வேட்கையோடு எழுதினார். அத்தகைய நூல்களை நாம் மனனம் செய்தற்குரிய அட்டவணைகளாகச் சுருக்கிவிட்டோம். வாயிலைக் காட்டினால் வீட்டுக்குள் நுழையாது, கதவின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு திரும்புவது போன்றது இது.

குறைகூறியதோடு நில்லாமல், அண்மையில் நான் மீளப் படித்தவற்றுள் மூன்றினை, இன்னாருக்கு என்று குறித்தே சொல்ல விரும்புகின்றேன்.

காதற்கதை என்றால் கண்ணீரும் தற்கொலையும் இருந்தே தீரவேண்டும் என்று நம்பும் இளைஞருக்கு, இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’. அவர் 1961இல் மறைந்தார். தொகுதி அடுத்த ஆண்டில் வந்தது. தலைப்புக் கதையிலே நடப்பது மிகச் சிறிது. இளந் தம்பதியர் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போகின்றனர், மனைவியின் பாதசரம் ஒன்று தொலைகின்றது, கணவன் சினக்கின்றான். இவ்வளவே. ஆனால், வாழ்க்கையிலே பெரும்பாலான சண்டைகள் இந்த அளவினவே என்பதையும், அவற்றைத் தாண்டித்தான் அன்பு முதிர்கின்றது என்பதையும் இக்கதை எவ்வித விளக்கவுரையுமின்றி உணர்த்திவிடுகின்றது. மண்ணின் மணம் என்று நாம் ஓயாது பேசுகின்றோமே, அது பேச்சுவழக்குச் சொற்களை அள்ளித் தெளிப்பதால் வருவதன்று என்பதற்கும் இக்கதை சான்று. இதையும் சொல்லிவிடுகின்றேன்: அவரது புராண, வரலாற்றுக் கதைகள் என் மனத்தை இந்த அளவுக்குத் தொடவில்லை. அவற்றை முதலில் எடுத்தால் ஏமாற்றமடைவீர்கள்.

யாப்பு என்றதும் அஞ்சி ஒதுங்கும் மாணாக்கருக்கு, மஹாகவியின் ‘குறும்பா’. ஆங்கிலத்து லிமரிக் வடிவத்தைத் தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்து, 1966இல் நூறு பாக்களாக அவர் அளித்த நூல் இது. குறுமையும் குறும்பும் பெயரிலேயே கூடியிருக்கின்றன. சௌவின் சித்திரங்கள் வேறு. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயைகூர்ந்து இதற்குப் பதவுரை சொல்லாதீர்கள். சிரிப்புக்குப் பொழிப்புரை எழுதினால் சிரிப்புப் போய் உரை மட்டும் எஞ்சும். இந்தப் பாக்களில் ஓசையின்பம் கண்ட ஒருவர், சாதிக் கொடுமையால் தேர் நின்றுபோவதைச் சொல்லும் ‘தேரும் திங்களும்’ என்ற கவிதைக்கு வந்துசேரும்போது, அதே கவிஞரின் கை எவ்வளவு கனக்க வல்லது என்று திடுக்கிடுவார். அந்த வரிசை மாறலாகாது என்பது என் கருத்து.

மூன்றாவது, ஊரிலே பெரிய வீடுகள் பாழடைவதைக் கண்டு பெருமூச்செறியும் பெரியோர்களுக்கு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் வெளிவந்த சிங்கள நாவல், எம். எம். உவைஸ் இதனைக் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கினார். பிறழ்வு என்ற சொல்லிலே தீர்ப்பொன்று ஒலிக்கின்றது. விக்கிரமசிங்கவோ தீர்ப்புக் கூறுபவர் அல்லர், பார்த்துக்கொண்டிருப்பவர். தென்னிலங்கைக் கிராமத்துப் பிரபு வீட்டுப் பெண் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல், அந்தஸ்துக் குறைந்தவன் என்று மறுக்கப்படுகின்றான். காலம் மாறப் பணம் அவன் பக்கம் சேர்கின்றது, மகாகெதரவின் சுவர்களோ உதிர்கின்றன. இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் தம் ஊர் நாற்சார் வீடொன்றை நினையாதிருக்க இயலாது. தொடக்க அத்தியாயங்கள் மெதுவாகவே நகரும், பொறுமை வேண்டும்.

ஒரு நூலின் குறையையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் பின்வாங்கிவிடுவார் என்று சிலர் அஞ்சுகின்றனர். என் அனுபவம் நேர்மாறானது. குறையைச் சொல்லத் தெரிந்தவர் நூலைப் படித்திருக்கின்றார் என்ற நம்பிக்கை கேட்பவருக்கு உண்டாகின்றது. வெறும் புகழுரையைப் பின்னட்டையைப் பார்த்தே எழுதிவிடலாம்.

புத்தகம் கிடைப்பதில்லையே என்ற முறைப்பாடு நெடுங்காலம் நியாயமாகவே இருந்தது. நம் நூல்கள் சிறு தொகையாகவே அச்சாகின்றன. மறுபதிப்புக் காண்பன சில. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன்பின்னும் பல பழைய நூல்கள் நமக்கு எஞ்சியிருப்பது, எவரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதியைக் காத்து வைத்திருந்தமையாலும், அதனை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தமையாலுமே. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணாக்கருக்கு அக்காலத்து வாசிகசாலை எதுவும் தந்திராத செல்வம் இது. ஆனால், அத்தனை பெரிய அலுமாரியின் முன் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளை எந்த நூலைத் திறக்கும்? பக்கத்திலே நின்று, “இதனை எடு” என்று சொல்ல ஒருவர் வேண்டும். நூல்கள் அரிதாயிருந்த காலத்திலும் பார்க்க இப்போதே அவர் மிகுதியும் வேண்டப்படுகின்றார்.

அவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருக்க முடியும். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் பதினைந்து நிமிடங்களை ஒதுக்குங்கள். பட்டியல் வேண்டாம், குறிப்பு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். இலங்கையர்கோனின் கதையை எடுத்து, பாதசரம் தொலையும் இடம்வரை உரத்து வாசித்து, அங்கே நிறுத்திவிடுங்கள். திங்கட்கிழமை ஒரு பிள்ளை வந்து, “சேர், அந்தப் பாதசரம் கிடைத்ததா?” என்று கேட்டால், விடை சொல்ல வேண்டாம், புத்தகத்தை அந்தப் பிள்ளையின் கையிலே கொடுங்கள்.