பணம் தரும் நாளும் ஒப்பந்தத்தின் உயிரே

சரக்கைக் கொடுத்தவர் பணத்துக்குக் காத்திருப்பதும், பெற்றவர் நாளைக் கடத்துவதும் வியாபாரத்தின் இயல்பே என்று நம்மவருள் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறு எண்ணுதல் தவறு என்பதும், அத்தவற்றுக்கு இடங்கொடுக்கும் பழைய சட்டத்தை மாநில அரசு முன்வந்து திருத்த வேண்டும் என்பதும் நமது கருத்தாகும்.

அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், வெளியூர் வியாபாரி ஒருவருக்குப் போர்வையும் துண்டும் அனுப்பிய தொகை ஏழு மாதமாக வரவாகாமல் நின்றிருந்தது. கைப்பேசியில் ஆர்டர் வந்த மூன்றாம் நாளே சரக்கு லாரி ஏறிவிட்டது. பணமோ ஏறவில்லை. அந்த ஏழு மாதமும் நூலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிற்று. அங்கத்தினரின் கூலிப் பட்டுவாடா இருமுறை தள்ளிப் போயிற்று. வியாபாரி ஏமாற்றுக்காரர் அல்லர். இறுதியில் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டார். வட்டி மட்டும் தரவில்லை. ஏழைத் தறிக்காரரின் முதலை வட்டியின்றி வாங்கி அவர் தம் தொழிலை நடத்தினார் என்பதே உண்மை.

சட்டம் இதற்கு என் சொல்கிறது? சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு கருத்துத் தோன்றாவிடில், பணம் செலுத்தும் காலம் ஒப்பந்தத்தின் இன்றியமையாத அம்சமாகக் கொள்ளப்படுவதில்லை. உடன்படிக்கையில் வட்டி குறிக்கப்படாதபோது, வட்டி வழங்குவதும் அதன் விகிதமும் 61ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தின் உசிதத்தைப் பொறுத்தவை. அஞ்சல் வண்டியும் உண்டியலும் வியாபாரத்தை நடத்திய காலத்துக்கு இவ்விதி பொருந்தியிருக்கலாம். இன்று மின்வழியில் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. யூபிஐ மூலம் பணம் ஒரு நொடியில் ஊர் கடக்கிறது. ஒப்பந்தம் விரைந்து முடிகிறது, பணமும் விரைந்து செல்ல வல்லது. ஆனால் பணம் தரும் கடமை மட்டும் 1930இலேயே நிற்கிறது!

இடையில் நன்மை ஏதும் விளையவில்லை என்பதன்று. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் தவணை கூடாது என்று விதித்தது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். குறு, சிறு தொழிலோரின் சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் 'வழங்குநர்' ஆகும். இதனை நம் சங்கங்களில் எத்தனை அறியும்? ஆயினும் பயிர்த் தொழில் இதனுள் அடங்காது. கரும்புக்கு 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை 14 நாள் கெடுவும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் வகுத்தது. எழுத்து ஏதுமின்றித் தோட்டத்து வாயிலில் வாழைத்தாரையும் காய்கறியையும் ஏற்றிவிடும் விவசாயிக்கு அத்தகைய கெடு எங்கே? கரும்பு விளைத்தவருக்கு ஒரு நீதி, வாழை விளைத்தவருக்கு ஒரு நீதியா?

மத்திய சட்டத்தில் மாநிலம் கைவைக்க இயலுமோ என்று சிலர் ஐயுறுவர். ஒப்பந்தங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலைச் சேர்ந்தவை. குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று மாநிலம் திருத்தலாம். இந்து வாரிசுரிமைச் சட்டமும் மத்திய சட்டமே. அன்று மணமாகாதிருந்த பெண்மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குரிமை தந்து தமிழ்நாடு 1989இல் திருத்தியது. மத்திய அரசின் திருத்தம் 2005இல்தான் வந்தது. சொத்துரிமையில் வழிகாட்டிய மாநிலம் வணிகத்திலும் வழிகாட்டலாகாதோ?

நாம் வேண்டுவது சிறியதொரு திருத்தமே. விற்பவர் நெசவாளராகவோ, விவசாயியாகவோ, அவர்தம் சங்கமாகவோ இருப்பின், பணம் தரும் நாள் ஒப்பந்தத்தின் இன்றியமையாத அம்சமாகுக; நாள் குறிக்காவிடில் முப்பது நாள் கெடுவாகுக; கெடு கடந்தால் வட்டி தானே ஏறுக.

கெடு விதித்தால் வியாபாரி வேறிடம் நாடுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஒரு சங்கம் மட்டும் கேட்டால் அவர் போவார். மாநிலமெங்கும் ஒரே விதி வந்துவிட்டால் யாரிடம் போவார்? தனித்து நின்று கேட்க முடியாததைச் சேர்ந்து நின்று பெறுவதன்றோ கூட்டுறவு?

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருக்கலாகாது. 11ஆம் பிரிவே நமக்கொரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பணம் தரும் நாளையும், அந்நாள் இன்றியமையாதது என்பதையும், வட்டி விகிதத்தையும் எழுதி, சரக்கு ஏறுமுன் வாங்குவோரின் சம்மதத்தைப் பெறுக. கைப்பேசிச் செய்தியாயினும் அதனைப் பாதுகாத்து வைக்க. தகுதியுள்ள சங்கங்கள் உத்யம் பதிவைத் தாமதியாது செய்துகொள்க.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அங்கத்தினரின் விளைபொருளுக்கும் கூலிக்கும் நம் சங்கங்களே நாள் கடத்துவதுண்டு. பிறரிடம் கேட்கும் கெடுவை முதலில் நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இவ்விரண்டு தீர்மானங்களையும் நிறைவேற்றி, ஒன்றைத் தம் கணக்கரிடமும் மற்றொன்றை அரசிடமும் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம்.