நட்சத்திரம் தேய்ந்த பேனாக்கத்தி

சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பேனாக்கத்தி ஒன்று போன மாதம் எங்கள் பட்டறைக்கு வந்தது. தாத்தா காலத்தில் தறிக்குப் பக்கத்திலேயே கிடந்ததாம். நூல் அறுக்கவும் அதுதான், மாங்காய் கீறவும் அதுதான். எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ பஃப் போட்டிருந்தார்கள். அலகு கண்ணாடிபோல் மின்னியது. அதன் அடியில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்த இடத்தில் நிழல்தான் மிச்சம். அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி நிறுவனமான ஜோசப் ராட்ஜர்ஸின் முத்திரை. முனையில் அரை அங்குலத்துக்கு நீலம் ஓடியிருந்தது. “நல்லாத்தான் மின்னுதுங்க. ஆனா சாணை புடிச்ச மறுநாளே முனை மட்டும் மழுங்கிப் போகுதுங்களே?” என்றார் பேரன்.

காரணம் அந்த நீலம். கார்பன் எஃகு வைக்கோல் நிறம் காட்டுவது ஏறக்குறைய 220 டிகிரியில். நீலம் ஏறினால் 300-ஐ நெருங்கிவிட்டது என்று பொருள். மடக்குக் கத்தியின் முதுகு வில்லுக்கு அந்தச் சூடு பொருந்தும். அலகுக்கு ஏறினால் துவைச்சல் (எஃகின் கடினப் பதம்) போய்விடும். மெல்லிய முனை பஃப் சக்கரத்தில் சில நொடிகளிலேயே அந்தச் சூட்டைத் தொட்டுவிடுகிறது. விரல் சுடும் முன்பே கெடுதல் நடந்து முடிந்திருக்கும்.

பஃப் அழிப்பது துவைச்சலை மட்டுமல்ல, செய்தவரின் தடயத்தையும்தான். சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டரில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் கசடும் கிடைத்தன. அங்கே கிடைத்த வாள் துண்டு ஒன்றை உலோகவியலார் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெட்டுவாயில் கார்பன் மிகுந்த இரும்பைத் தனியாகப் பற்றவைத்திருந்த வேலைப்பாடு தெரிந்தது. துருவோடு துருவாக அந்த வெட்டுவாய் தங்கியிருந்ததால்தான் அந்தக் கொல்லனின் கைவேலை நமக்குத் தெரிய வந்தது. யாராவது அதைச் சாணையில் கொடுத்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தச் செய்தி பொடியாய் உதிர்ந்திருக்கும். பேனாக்கத்தி வாள் அல்லதான். ஆனாலும் நாம் தேய்ப்பதும் இன்னொரு தொழிலாளியின் கைவேலையைத்தான்.

அதனால் எதைத் தேய்க்கலாம், எதை விடலாம் என்று பார்க்க வேண்டும். செந்துரு வேறு, கருமை வேறு. செந்துரு எஃகைத் தின்னும், அதை எடுத்தே ஆகவேண்டும். பழைய அலகில் படிந்த சாம்பல் கருமை அப்படியல்ல. அது புதுத் துருவைத் தாமதப்படுத்தும். சீமெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் அலகின் நீளவாக்கில் தேய்த்தாலே செந்துரு பெரும்பாலும் வந்துவிடும். குழி விழுந்த இடத்தைக் குழியாகவே விடுங்கள். அதைச் சமன்செய்ய உப்புத்தாள் போட்டால் அலகு முழுவதும் மெலியும், முத்திரையும் போகும்.

வினிகரில் முழுக் கத்தியையும் ஊறப்போடுவது இப்போது பெருகிவருகிறது. எங்களுக்கு அது பயமாக இருக்கிறது. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கெட்டியான வில் எஃகுக்குள் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும். ஒருநாள் மடக்கும்போது ‘டக்’கென்று முறியும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் பரமசிவன் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் செப்புச் சிலைகளைத் தூய்மை செய்தார். அந்த முறையைக் கழற்றிய அலகுக்குக் கையாளலாம். கொம்புப் பிடியோடு முக்கவே கூடாது.

பிடியைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டு கத்திகளின் மான்கொம்புப் பிடிகளில் பல இந்தியக் கடமான் கொம்பு. அதன் ஏற்றுமதியை 1998-இல் இந்தியா நிறுத்தியது. உடைந்த பிடிக்கு மான்கொம்பு வேண்டும் என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். எருமைக் கொம்பு அழகாகவே பொருந்தும்.

பேரனிடம் இரண்டு வழி சொன்னோம்: ஆணிகளைத் தட்டிக் கழற்றி அலகுக்கு மறுபடி துவைச்சல் போடலாம், அல்லது மழுங்கும் அரை அங்குலத்தைக் குறைத்துவிடலாம். இரண்டையும் அவர் வேண்டாம் என்றார். “அடிக்கடி தீட்டிக்கறனுங்க, தாத்தா கத்தி இதே நீளத்துல இருக்கட்டும்.” இணைப்பில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, முத்திரையின் நிழல்மீது இனி எதுவும் படக்கூடாது என்று வேலைச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினோம்.