சேப்பாக்கத்தைக் காதுக்குள் கொண்டுவந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரிக்கெட் வர்ணனை என்றால் ஆங்கிலமும் இந்தியும்தான் என்றிருந்த நிலையை மாற்றியவர்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முக்கியமானவர். சக வர்ணனையாளர் கூத்தபிரானும் அவரும் அகில இந்திய வானொலியில் பேசிய நாட்களில், வெள்ளறடை, பாறசாலை போன்ற கேரள எல்லையூர்களின் தமிழ்க் குடும்பங்களும் ஆட்டத்தைத் தாய்மொழியில் கேட்டன.

ஜப்பார் வானொலி நாடகக் கலைஞரும்கூட. குரலாலேயே காட்சியை எழுப்பும் அந்தப் பயிற்சி வர்ணனையில் நன்றாகக் கைகொடுத்தது. பந்துவீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடிவருகிறார், பந்து எங்கே குத்தியது, மட்டையாளர் முன்காலில் ஆடினாரா பின்காலிலா, தடுத்தவர் யார், ஓட்டம் எத்தனை? அடுத்த பந்துக்குள் இத்தனையும் சொல்லி முடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் வர்ணனையாளர் சற்று வாய்மூடினாலும் படம் ஓடும். வானொலியில் அவர் நிறுத்தினால் ஆட்டமே நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக, 1986 செப்டம்பர் 22 அன்று சென்னை சேப்பாக்கத்தில் 348 ஓட்டங்கள் தேவைப்பட்ட இந்தியா 347-இல் ஆட்டமிழந்து, ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் சமனில் முடிந்தது. கடைசி ஓவர், ஐந்தாவது பந்து, மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. அப்படியொரு முடிவைக் கண்ணால் காணாதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசான வேலையா?

2020 டிசம்பரில் ஜப்பார் மறைந்தார். நடிகர்களுக்கும் வீரர்களுக்கும் பக்கம் பக்கமாக எழுதும் இதழ்கள் இவரைப் போன்றவர்களுக்கு இரங்கல் குறிப்போடு நிறுத்திக்கொள்வது வருத்தம் தருகிறது. சென்னை வானொலிக் காப்பகத்தில் எஞ்சியிருக்கும் தமிழ் வர்ணனைப் பதிவுகளை எல்லோரும் கேட்கும்படி வெளியிட வேண்டும். அவருடன் ஒலிவாங்கியைப் பகிர்ந்தவர்களைத் தேடி, தங்கள் இதழ் விரிவான நேர்காணல்களை வெளியிட வேண்டும்.

வாசகர்,
வெள்ளறடை