நான்கு தோட்டாக்கள்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தவர் ஒருவர் மனைவியோடு விடுமுறையைக் கழிக்க டேர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளுக்குச் சென்றார். பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்பட்ட சிறு தீவுக் கூட்டம் அது. நாடு திரும்பும் வேளையில் அவருடைய பையைச் சோதித்த அதிகாரிகள் நான்கு தோட்டாக்களைக் கண்டெடுத்தனர். முன்னொரு வேட்டையின்போது பைக்குள் தங்கிவிட்டவை என்றார் அவர். துவக்கு இல்லை, சுடும் எண்ணம் இருந்ததென்று எவரும் சொல்லவுமில்லை. ஆயினும் அத்தீவுகளின் சட்டம் விதித்திருந்த தண்டனை, குறைந்தது 12 ஆண்டுச் சிறை.

அக்காலப்பகுதியில் அவ்வாறு அகப்பட்ட அமெரிக்கர் ஐவர். ஒருவரிடம் இருபது தோட்டாக்கள். வேறொருவரிடம் இரண்டே இரண்டு. ஒக்லஹோமாக்காரரின் பையைத் தங்கள் சோதனையிலும் தவறவிட்டதை அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையினரே பின்னர் ஒப்புக்கொண்டனர்.

அத்தீவினரைக் குறைகூற நாம் இங்கு புகவில்லை. துவக்குச் செய்யும் தொழிற்சாலை எதுவும் அங்கு இல்லை. அத்தீவுகளில் உயிர் குடிக்கும் துவக்கு ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்ததே. கரீபியன் நாடுகளில் 2018 முதல் 2022 வரை கைப்பற்றப்பட்டு, மூலம் தேடப்பட்ட துவக்குகளில் நூற்றுக்கு 73 ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்தவை என அந்நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகமே கூறியிருக்கிறது. எல்லையைக் காப்பது ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் உரிமை. அந்த உரிமையை மறுக்க வல்லரசின் பிரஜைகளுக்கு என்ன தகுதி?

நமது ஆட்சேபம் தடையைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. அச்சட்டத்தின்படி விசேட சூழ்நிலை கண்டாலன்றி நீதிபதி 12 ஆண்டுக்குக் கீழ் இறங்க இயலாது. கண்டாலும் அபராதத்தோடு சிறைத்தீர்ப்பும் எழுதியாக வேண்டும். கடத்தல்காரனையும் மறதிக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தி, படிக்கல்லையும் சட்டசபையே வைத்துவிட்டால், நீதிபதி அங்கே எதற்கு? ஓர் எழுதுவினைஞர் போதுமே!

பின்னர் நடந்ததையும் கவனிக்க வேண்டும். வாஷிங்டனிலிருந்து செனட்டரும் காங்கிரஸ் உறுப்பினரும் விமானமேறினர். மாநில ஆளுநர்கள் கடிதம் எழுதினர். ஜூன் மாதத்தில் தீவுகளின் சட்டசபை சட்டத்தைத் திருத்தி, சிறையோ அபராதமோ இரண்டுமோ எனத் தீர்மானிக்கும் உரிமையை நீதிபதிக்குக் கொடுத்தது. ஒக்லஹோமாக்காரர் ஒத்திவைக்கப்பட்ட சில வாரச் சிறைத்தண்டனையோடும் அபராதத்தோடும் வீடு திரும்பினார். திருத்தம் நல்லதே. ஆனால் அத்தீவின் மீனவன் ஒருவன் அதே நான்கு தோட்டாக்களோடு நின்றிருந்தால், எந்தச் செனட்டர் அவனுக்காக விமானமேறியிருப்பார்?

இவ்விஷயம் நமக்குப் புதியதன்று. டேர்க்ஸ் கைக்கோஸ் மக்களின் இறுதி மேன்முறையீடு இன்றும் செல்லும் லண்டன் பிரிவி கவுன்சிலிலேதான் 1971 வரை நமது வழக்குகளும் முடிந்தன. 1962 ஜனவரியில் நடந்த இராணுவச் சதி முயற்சிக்குப் பின், அதன் எதிரிகளுக்கென்றே இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. குற்றவாளியாகக் காணப்பட்டால் தண்டனை பத்தாண்டுக்குக் குறையலாகாது, சொத்தும் பறிமுதல். விசாரிக்கப்பட்ட 24 பேரில் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில், குறித்த சிலரைக் குறிவைத்த அச்சட்டம் நீதித்துறையின் அதிகாரத்துள் பாராளுமன்றம் அத்துமீறிப் புகுந்ததாகும் எனக் கண்டு, அவர்களை விடுதலை செய்தது. குறைந்தபட்சத் தண்டனை எதுவுமே செல்லாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. அதை மிகைப்படுத்துவது வழக்கறிஞனுக்கு அழகன்று. ஆனால் 2008இல் நமது உயர் நீதிமன்றம், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் கேட்ட வினாவுக்கு விடையளிக்கையில், தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவிலுள்ள கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அரசியலமைப்போடு முரண்படுகிறது என்றும், தகுந்த தண்டனையைத் தீர்மானிப்பதிலிருந்து நீதிபதி தடுக்கப்படவில்லை என்றும் கூறியது.

கமக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்க அநுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் வன்னிக் கமக்காரர், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவர். அந்த அநுமதிப்பத்திரம் இந்நாட்டு மண்ணிலே செல்லுமேயன்றிக் கடலுக்கு அப்பால் வெறுங் கடதாசி. வயலுக்குக் கொண்டுபோன பையே சிதம்பரத்துக்கும் போவதுண்டு. மடிப்பினுள் மறைந்த ஒரு தோட்டா போதும், தரிசனத்துக்குப் போனவர் கூண்டிலே நிற்க. அங்கே அவருக்கு நீதிபதியின் மனச்சாட்சியைத் தவிர வேறு துணை ஏது?

ஆகவே, சுடுகலன்கள் பற்றிய திருத்த மசோதா எதுவும் நமது பாராளுமன்றத்துக்கு வருமாயின், தமிழ்ப் பிரதிநிதிகள் முதலிற் படிக்க வேண்டியது அதன் தண்டனைப் பிரிவை. 'குறையாத' என்ற சொல் அங்கே கிடந்தால், அதன்மேல் வாக்கெடுப்புக் கோர வேண்டும். கமக்காரர் செய்ய வேண்டியதோ சுலபமானது: புறப்படுமுன் பையை முற்றத்திலே கவிழ்த்து உதறிப் பாருங்கள்.