ரேம் வாங்கும் முன்

நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் போன் செய்தார். "சார், ப்ராக்ஸி சர்வர் ஊர்ந்து போகுது. 2 ஜிபி ரேமும் தீர்ந்துபோச்சு. புது சர்வர் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதப்போறேன்."

எழுதாதே என்றேன். ‘ஃப்ரீ’ குறைவாக இருப்பது நோய் அல்ல. சும்மா கிடக்கும் நினைவகத்தில் லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். ‘அவைலபிள்’ எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிறகு விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ. அவை பூஜ்யத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. அவருக்கு ஓடிக்கொண்டிருந்தன.

குற்றவாளி ரேம் அல்ல, ஆசை! டிஸ்கில் இடம் இருக்கிறதே என்று ஸ்குவிட்டுக்கு 100 ஜிபி ஒதுக்கியிருந்தார். சில வருடங்களில் நிறைந்துவிட்டது. 64 பிட் கணினியில் ஒவ்வொரு ஜிபி சேமிப்புக்கும் சுமார் 14 எம்பி அட்டவணை ரேமில் இருக்க வேண்டும். ஆக 1,400 எம்பி. கேஷ்_மெம் 256 எம்பி தனி. (அதுதான் ஸ்குவிட்டின் மொத்த வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.) மிச்சத்தில் மற்றதெல்லாம் எப்படி ஓடும்? அட்டவணையே ஸ்வாப்புக்குப் போய்விடுகிறது. புத்தகம் எந்த அலமாரியில் என்று பார்க்கவே நூலகர் கிடங்குக்கு நடக்கிற கதைதான்.

இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். சாதாரண ப்ராக்ஸியால் அவற்றைச் சேமிக்கவே முடியாது. 10 ஜிபி போதும் என்பது என் கட்சி.

நேற்று குறைத்துவிட்டார். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யம். இனி நிர்வாகத்திடம் கீபோர்டு கேட்கப் போகிறாராம். பாதிக்கு மேல் எழுத்தே அழிந்து கிடக்கிறதாம்.