டிரசர் போன பிறகு

கோலாலம்பூர் – ஜொகூர் பாரு பேருந்தில் போய் வந்தவர்களுக்கு யோங் பெங் என்றால் சாப்பிட நிற்கும் ஊர். பெரிய சாலையை விட்டுச் செம்பனைக்குள் திரும்பினால் வேறொரு யோங் பெங் இருக்கிறது. மிச்சமிருக்கும் சில லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட முதியவர்கள். மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்க்கப் போகிறோம்.

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் டிரசர் இருந்தார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டம் வந்தது. நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் வருவார் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இருந்தாலும் அவரை ரொம்பத்தான் புகழ எனக்கு மனமில்லை. அவர் சீட்டு எழுதித் தராவிட்டால் காய்ச்சலோடும் பெரட்டுக்குப் போயாக வேண்டுமே! ஆனால் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்கு மனப்பாடம். மாதம் ஒருமுறை போகும் எங்களுக்கு அது தெரியாது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. விரலில் குத்தி எண்ணைச் சொல்வது சுலபம். நான் முதலில் பார்ப்பது காலை. நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். செம்பனை முள் ஏறினாலும் தெரியாது. ஒரு பாட்டியின் குதிகாலில் புண் சீழ் கட்டியிருந்தது.

“வலிக்கவே இல்லையே தம்பி, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?”

“வலிக்காததுதான் பாட்டி பயமா இருக்கு.”

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கே போய்வர வாடகைக் காருக்குக் கொடுப்பது அதைப்போல் பல மடங்கு. உள்ளே பேருந்து கிடையாது. மகன் லீவு போட்டு வந்தால்தான் உண்டு. முகாமில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகும் பிரமுகர்கள் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தால் புண்ணியமாகப் போகும்.

தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் போனார்கள். ஒரு குடிசையில்தான் வைத்தியம் தொடங்கியது. அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதைவிட என்னை ஈர்த்தது, மலைக் கிராமத்துப் பெண்களையே பிரசவம் பார்க்கவும் நோயாளியைக் கவனிக்கவும் பழக்கியது. எங்களால் அங்கே குடியேற முடியாது. ஆளுக்கொரு வேலை இருக்கிறது. ஆனால் பழக்கிவிடலாம் அல்லவா?

லயத்தில் இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். ஒருவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். கால் பார்க்க, அழுத்தம் பார்க்க, யாருக்கு எந்தத் தேதியில் கிளினிக் என்று நோட்டில் எழுத இப்போது இருவருக்கும் தெரியும். பாட்டியைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் புண்ணுக்குக் கட்டுப் போட அழைத்துப் போனதும் அவர்களில் ஒருவர்தான். கருவி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப் தீர்ந்தால் எனக்குப் போன் வரும்.